கணினியில் தெரியும் உதவிப் படங்கள் போனில் ஏன் காணோம்?

கேள்வி: மளிகைக் கடைகளுக்கான கணக்கு ஆப் ஒன்றை வெளியிட்டிருக்கிறோம். உதவிப் பக்கங்களை ஸ்ஃபிங்க்ஸ் என்ற ஆவணம் தயாரிக்கும் மென்பொருள் மூலம் தயாரித்தோம். கணினி பிரவுசரில் நன்றாகத் திறக்கின்றன. ஆண்ட்ராய்டு ஆப்பில் சேர்த்தால் படம் ஒன்றுகூட வரவில்லை, வெறும் எழுத்து மட்டும் நிற்கிறது. 'மொபைலுக்கு மாற்றித் தருகிறோம்' என்று ஓர் ஏஜென்சி பக்கக் கணக்கில் பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் பக்கங்களில் குறை இல்லை. அவை ஆப்புக்குள் முழுதாகப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஸ்ஃபிங்க்ஸ் படங்களை 'இமேஜஸ்' ஃபோல்டரிலும் வடிவமைப்புக் கோப்புகளை 'ஸ்டேட்டிக்' ஃபோல்டரிலும் வைக்கும். இரண்டு பெயர்களும் அண்டர்ஸ்கோர் என்ற அடிக்கோட்டுக் குறியில் (_) தொடங்கும். ஆப்பைத் தொகுத்துத் தரும் ஆண்ட்ராய்டு பில்ட் கருவி, ஆப்போடு சேர்க்கும் கோப்புகளை வைக்கும் அசெட்ஸ் ஃபோல்டருக்குள் அண்டர்ஸ்கோரில் தொடங்கும் துணை ஃபோல்டர் எதையும் சேர்க்காமல் விட்டுவிடும். ஓர் எச்சரிக்கை வரிகூடக் காட்டாது; பில்ட் வெற்றி என்றே சொல்லும். கோப்பைத் தூக்கி எறிகிற கருவி அதைச் சொல்லக்கூட வேண்டாமா? இந்த மௌனத்தை நம்பித்தான் 'மாற்றித் தரும்' வியாபாரமே நடக்கிறது.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆப்பை போனில் நிறுவப் பயன்படும் ஏபிகே கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். அதன் நகல் ஒன்றுக்கு ஜிப் என்று பெயர் மாற்றித் திறந்து அசெட்ஸ் ஃபோல்டருக்குள் பாருங்கள். பக்கங்கள் இருக்கும், அந்த இரண்டு ஃபோல்டர்கள் இருக்காது.

சரிசெய்ய, ஆப்பை எப்படித் தொகுப்பது என்று பில்ட் கருவிக்குச் சொல்லும் கிரேடில் கோப்பில் 'இக்னோர் அசெட்ஸ் பேட்டர்ன்' என்ற அமைப்பை எழுதும்படி ஆப் உருவாக்குபவரிடம் சொல்லுங்கள். எவற்றைச் சேர்க்காமல் விட வேண்டும் என்ற பட்டியல் அது. நாம் எழுதுவது பழைய பட்டியலை அப்படியே நீக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். ஆகவே இயல்பான பட்டியல் முழுவதையும் எழுதி, அண்டர்ஸ்கோர் ஃபோல்டரைத் தவிர்க்கும் ஒரு துண்டை மட்டும் எடுத்துவிட வேண்டும். ஃபோல்டர் பெயரைக் கையால் மாற்றினால் போதாது. ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள இணைப்புகள் பழைய பெயரையே தேடும்.

அதற்குப் பிறகும் ஓரிரு படம் வராவிட்டால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, போன் விடாது. எல்லாக் கோப்புகளுக்கும் சிறிய எழுத்திலேயே பெயர் வையுங்கள். தேடல் பெட்டி இயங்காவிட்டால், ஆப்புக்குள் பக்கங்களைக் காட்டும் வெப்வியூவில், தேடலை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் இயல்பாக அணைக்கப்பட்டிருப்பதே காரணம். உங்கள் சொந்தப் பக்கங்களுக்கு மட்டும் அதை இயக்குங்கள்.

எல்லாப் பக்கங்களையும் ஆப்புக்குள் திணிக்க வேண்டியதில்லை. இணையம் இல்லாதபோது தேவைப்படுபவை, அதாவது லாகின் சிக்கல், பேக்கப், பில் ரத்து ஆகியவை உள்ளே இருக்கட்டும். மற்றவை சர்வரில் இருந்தால், ஒரு பிழையைத் திருத்த ஆப்பையே மறுபடி வெளியிட வேண்டியிராது. சர்வர் முகவரி எச்டிடிபிஎஸ் ஆக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 9 முதல் வெறும் எச்டிடிபி பக்கங்கள் இயல்பாகவே தடுக்கப்படுகின்றன. முகவரியில் ஆப்பின் பதிப்பு எண்ணையும் சேருங்கள். பழைய பதிப்பை அப்டேட் செய்யாமல் வைத்திருக்கும் கடைக்காரருக்குப் புதுத் திரையின் படத்தைக் காட்டினால் குழம்பிப்போவார்.

சர்வரில் வைத்தால் அண்டர்ஸ்கோர் தொல்லை கிடையாது, ஒரே ஒரு விதிவிலக்கோடு. இணையப் பக்கங்களை வெளியிட உதவும் கிட்ஹப் பேஜஸ் சேவையில், கோப்புகளின் ஒரு பிராஞ்சிலிருந்து (கிளையிலிருந்து) நேரடியாக வெளியிட்டால், இடையில் ஜெக்கில் என்ற கருவி ஓடும்; அதுவும் அண்டர்ஸ்கோர் ஃபோல்டர்களை ஒதுக்கிவிடும். ஆண்ட்ராய்டில் சரிசெய்துவிட்டோம் என்று நினைத்திருப்பீர்கள், அதே வெறும் எழுத்துப் பக்கம் இங்கே வந்து நிற்கும். வெளியிடும் ஃபோல்டரின் மேல்மட்டத்தில் 'நோஜெக்கில்' என்ற காலிக் கோப்பை, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியோடு வைத்தால் தீர்ந்தது. ஸ்ஃபிங்க்ஸின் கிட்ஹப்-பேஜஸ் நீட்சியை இயக்கினால் அதுவே இந்தக் கோப்பை உருவாக்கித் தரும்.

ஏஜென்சியிடம் வேறு வேலை கொடுத்தாலும் மூலக் கோப்புகள், படங்கள், அமைப்புக் கோப்பு எல்லாவற்றையும் கையில் வாங்குங்கள். உதவிப் பக்கங்களை அவர்களுடைய டொமைனில் வைக்க விடாதீர்கள். ஆண்டுச் சந்தா நின்ற அன்றே, ஏற்கெனவே போன்களில் இருக்கும் ஆப்பின் உதவி பட்டன் செத்துவிடும்; புது வெளியீடு இல்லாமல் அந்த இணைப்பை மாற்ற முடியாது.

தமிழாக்கம் அவர்களுடையது என்றால் யூனிகோடில் கேளுங்கள். பல டிடிபி நிலையங்கள் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்து கொடுக்கின்றன. வேர்டு கோப்பில் தமிழாகத்தான் தெரியும். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே.