தம்பி வாய் திறக்க மாட்டான் என்பதா பெருமை?

கேள்வி: எனக்கு வயது 26. மூன்று வருடம் துபாயில் வேலை பார்த்தேன். சிகரெட்டை விட வேண்டும் என்று அங்கே வேப் (இ-சிகரெட்) பிடிக்க ஆரம்பித்தேன். சிகரெட் போய்விட்டது, வேப் ஒட்டிக்கொண்டது. காலையில் கண் விழித்ததும் தலையணைக்கு அடியில்தான் கை போகிறது. ஊருக்கு வருகிற நண்பர்கள் வாங்கி வந்து தருகிறார்கள். வாப்பா இல்லை, உம்மாவுக்கு விஷயம் தெரியாது. பிளஸ் ஒன் படிக்கும் தம்பிதான் அவன் ரூமில் சார்ஜ் போட்டுத் தருவான். நல்ல பையன், வாய் திறக்க மாட்டான். இரண்டு மாதத்தில் எனக்கு நிக்காஹ். நிகோட்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரேயடியாக விடுவதா?
- பெயர் வேண்டாம், கீழக்கரை

பதில்: உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் தம்பியைப் பற்றிப் பேச வேண்டும்.

சார்ஜ் போட்டுத் தருகிறவன் அதை ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை என்று நிஜமாகவே நம்புகிறீர்களா? பாடப் புத்தகத்துக்குப் பக்கத்தில் பென் டிரைவ் மாதிரி ஒன்று கிடக்கிறது. நெடி கிடையாது, மாம்பழ வாசம் அடிக்கிறது. இழுத்தால் தொண்டை அவ்வளவாக எரியாது, ஏனென்றால் இப்போது வருகிற பல வேப்களில் நிகோட்டினை உப்பு வடிவத்தில் சேர்க்கிறார்கள். முதல் பீடியில் இருமி ஓடிப்போன பையன்கள் உண்டு. இதில் அந்த இருமல்கூடப் பெரிதாக வராது. மூளை முழுசாக வளர ஏறத்தாழ 25 வயது ஆகிறது. அதற்குள் நிகோட்டின் உள்ளே போனால் உங்களைவிட வேகமாக அவன் மாட்டிக்கொள்வான்.

அதைவிட எனக்குக் கோபம் வருவது "வாய் திறக்க மாட்டான்" என்ற வார்த்தையில். உம்மாவிடம் மறைப்பதை அந்தப் பிள்ளைக்கு நீங்களே பழக்கிவிட்டு, அதற்கு நல்ல பையன் என்று பட்டமும் கொடுக்கிறீர்கள். வாப்பா இல்லாத வீட்டில் மூத்தவன்தான் வாப்பா. காக்கா (அண்ணன்) செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவன் நினைப்பான். நாளை அவன் எதை மறைத்தாலும் எந்த முகத்தோடு கேட்பீர்கள்?

தமிழ்நாட்டில் 2018-லேயே வேப்புக்குத் தடை வந்துவிட்டது. 2019-இல் நாடு முழுக்கச் சட்டமே போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது, விற்பது, இருப்பு வைப்பது எல்லாம் குற்றம். முதல் தடவை கொண்டுவந்து மாட்டினாலே ஒரு வருடம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நண்பர்களை இதில் இழுத்துவிட்டது போதாதென்று, பொருளைப் படிக்கிற பையன் ரூமில் வைத்திருக்கிறீர்கள்.

சரி, உங்கள் கேள்வி. வேப்பில் நிகோட்டின் அளவை மட்டும் குறைப்பதை நம்பியிருக்காதீர்கள். அளவு குறைந்தால் பலர் தங்களுக்கே தெரியாமல் கூடுதலாக இழுத்து ஈடுகட்டிக்கொள்வார்கள். சிகரெட் ஒன்று முடிந்தால் அணைந்துவிடும். இதற்கு முடிவே கிடையாது, எவ்வளவு இழுத்தோம் என்று உங்களுக்கே தெரியாது. அதனால் ஒரு தேதி வைத்து நிறுத்துங்கள். கண் விழித்ததுமே தேடுகிறவருக்கு வெறும் மனஉறுதி போதாது, மருந்துத் துணை வேண்டும். நிகோட்டின் சூயிங்கம் 2 மி.கி., 4 மி.கி. என்று இருக்கிறது, எது உங்களுக்குச் சரி என்று டாக்டரைக் கேளுங்கள். சாதாரண பபிள்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒன்று அரை மணி நேரம் தாங்கும். டீ குடித்த கையோடு போட்டால் சரியாக வேலை செய்யாது, கால் மணி நேரம் பொறுங்கள். முதல் சில நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் படுத்தும். ஆசை கிளம்பும்போது சில நிமிடம் சமாளித்தால் தணிந்துவிடும். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம்.

பெண் வீட்டுக்கு நிக்காஹுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். உம்மாவிடம் இந்த வாரமே சொல்லுங்கள், தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. அவன் முன்னால் சொன்னால்தான் மறைக்கிற பொறுப்பு அவன் தலையிலிருந்து இறங்கும்.

பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இழுத்துப் பார்த்தாயா என்று கேளுங்கள். "ஆமா காக்கா" என்று சொன்னால் கை ஓங்காதீர்கள். உங்கள் சூயிங்கத்தில் ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டவும் கூடாது. 18 ஆகாத பிள்ளைக்கு டாக்டர் சொல்லாமல் அது ஆகாது. நீங்கள் போகிற டாக்டரிடமே அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.