காடு அழிந்தால் தீவுப் பறவைகள் வேறு இடத்துக்குப் பறந்துபோய்ப் பிழைத்துக்கொள்ளாதா?

பறந்துதான் போயிற்று, ஐயா. போன இடத்தில்தான் அழிந்தது.

ஹவாயின் கவாய் தீவில் மட்டும் வாழ்ந்த ஓஓ பறவையை நினைத்துச் சொல்கிறேன். உடல் கறுப்பு, தொடையில் மட்டும் மஞ்சள் இறகு. அதன் பாட்டின் ஒலிப்பதிவை முதன்முதலில் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புல்லாங்குழல் போன்ற குரல். பாடும், நிறுத்தும், மறுபடி பாடும். அந்த இடைவெளிகளை இன்றுவரை என்னால் அமைதியாகக் கேட்க முடியவில்லை.

கவாயின் மொத்தப் பரப்பே சுமார் 1,430 சதுர கிலோமீட்டர். அங்கே தாழ்நிலக் காடுகள் பயிருக்கும், பிற்காலத்தில் கரும்புக்கும் மேய்ச்சலுக்கும் போயின. எஞ்சிய தாழ்வான காடுகளிலும் நிம்மதி இல்லை. 1826-இல் கப்பலில் ஹவாய்க்கு வந்த கொசு, பின்னாளில் பறவை மலேரியாவைப் பரப்பியது. அந்த நோயை அறியாத பறவைகள் அதைத் தாங்கவில்லை. ஓஓ மேலே மேலே ஒதுங்கி, கொசுவுக்கு ஆகாத குளிருள்ள அலகாய் சதுப்புக் காட்டை அடைந்தது. ஆனால் அது மரப்பொந்தில் கூடு கட்டும் பறவை. பொந்து விழும் அளவுக்குப் பருத்த முதுமரங்கள் அந்த உயரத்தில் குறைவு. அதற்கு மேலே போக மலையும் இல்லை.

1981-இல் ஒரே ஒரு இணைதான் கண்ணில் பட்டது. 1982 நவம்பரில் ஈவா புயல் அடித்தது; அதன்பிறகு பெண் பறவையைக் காணவில்லை. ஆணைக் கடைசியாகப் பார்த்தது 1985-இல், குரலைக் கடைசியாகக் கேட்டது 1987-இல்.

புயல்தான் கொன்றது என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ஏற்கமாட்டேன். புயல் அந்தத் தீவுக்குப் புதிதல்ல. தீவு முழுக்கப் பரவியிருந்த காலத்தில் ஒரு சரிவில் செத்தாலும் மறு சரிவில் பிழைத்திருக்கும். ஒரே மூலையில் ஒடுங்கிய இனத்துக்கு மறு சரிவு ஏது?

ஓஓவின் குடும்பத்தில் இருந்த ஐந்து இனங்களும் இன்று இல்லை. அதே அலகாய்க் காட்டில் அகிகிகி என்ற சிறு பறவையும் 2023-இல் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்துவிட்டது. வெப்பம் கூடக் கூடக் கொசுவும் மலையேறுகிறது. அதைத் தடுக்க, முட்டை பொரியாதபடி செய்யும் பாக்டீரியாவைச் சுமக்கும் ஆண் கொசுக்களை ஹவாயில் விடத் தொடங்கியிருக்கிறார்கள்.