பயம் போனது, அழுகையும் போனது: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பள்ளிக்குக் கிளம்பும்போதே வயிற்றைப் பிசையும், வாந்தி வரும். மனநல மருத்துவர் செர்ட்ராலின் கொடுத்தார். 25 மில்லிகிராமில் தொடங்கி, இப்போது 100. நான்கு மாதம் ஆகிறது, ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறாள். ஆனால் போன வாரம் அவளை வளர்த்த ஆச்சி இறந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "அழணும்னு தோணுது, வரலம்மா" என்கிறாள். மாத்திரை பிள்ளையைக் கல்லாக்கிவிடும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நிறுத்திவிடலாமா? (ஒரு தாய், திருநெல்வேலி)

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் மகள் சொன்ன அந்த ஒரு வரியை மாற்றாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள்.

செர்ட்ராலின், ஃபுளூவாக்ஸெட்டின், எஸ்சிடலோபிராம் எல்லாம் ஒரே குடும்பம். மூளை நரம்புகளுக்கு இடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் கூடுதல் நேரம் தங்கும்படி செய்பவை. பயம் தணிகிறது. ஆனால் பயம் வேறு, அழுகை வேறு என்று பிரித்துப் பார்க்க மருந்துக்குத் தெரியாது. சிலருக்கு எல்லா உணர்ச்சியும் சேர்ந்து மழுங்கும். இது உண்மையான பக்கவிளைவு, பெண் நடிக்கவில்லை. பெரும்பாலும் டோஸ் கூடும்போது வரும், குறைத்தால் விலகும்.

அழாததற்கு மருந்துதான் காரணம் என்று கடிதத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. பெரிய இழப்பில் மருந்தே சாப்பிடாத பிள்ளையும் சில வாரம் மரத்துப்போகும். மனச்சோர்விலும் ஆர்வம் வற்றிவிடும், ஆனால் அதில் தூக்கமும் பசியும் கெடும், "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற பேச்சு வரும். ஆகவே யோசித்துப் பாருங்கள்: ஆச்சி இறப்பதற்கு முன்பே சிரிப்பு குறைந்திருந்ததா? பிடித்த பாட்டு, தோழியின் அரட்டை இதெல்லாம் சப்பென்று ஆகிவிட்டதா? 100 ஆக்கிய பிறகா? தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டரிடம் அவள் கொஞ்ச நேரம் தனியாகப் பேசட்டும்.

திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்? செர்ட்ராலின் ஏறக்குறைய ஒரு நாளிலேயே உடம்பில் பாதியாகக் குறைந்துவிடும். தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, காரணமில்லாத அழுகை எல்லாம் வரலாம். மூன்றாம் நாள் அவள் அழுதால் "பார், உணர்ச்சி திரும்பிவிட்டது" என்பார்கள் வீட்டில். அது மருந்தைச் சட்டென வெட்டியதால் வரும் அழுகையாக இருக்கலாம். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார்.

டோஸைக் குறைத்தால் பயம் திரும்புமே என்ற கவலை நியாயம்தான். அமெரிக்காவில் பதற்றம் உள்ள 488 பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. செர்ட்ராலின் மட்டும் எடுத்தவர்களில் சுமார் 55 சதவீதம் பேர் நன்கு தேறினார்கள். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சு சிகிச்சையில் 60, இரண்டும் சேர்ந்தபோது 81, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையில் 24. உங்கள் கடிதத்தில் பேச்சு சிகிச்சை பற்றி ஒன்றுமே இல்லை. அதைக் கேட்டு வாங்குங்கள். பேச்சு சிகிச்சையும் சேர்ந்தால் டோஸைக் குறைக்கத் துணிவு வரும்.

மழுங்குவதைவிட நான் அதிகம் அஞ்சுவது இதற்கு நேர்மாறானதைத்தான். தொடங்கிய முதல் வாரங்களிலும் டோஸ் மாற்றும்போதும் சில பிள்ளைகள் நிலைகொள்ளாமல் தவிப்பார்கள், கோபப்படுவார்கள், தூங்க மாட்டார்கள். "தைரியம் வந்துடுச்சு" என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். இந்த வகை மருந்துகளுக்கு 2004இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. ஆய்வுகளில் தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து எடுத்த இளையோரில் நூற்றுக்கு 4 பேரிடமும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 பேரிடமும் காணப்பட்டது. அந்த ஆய்வுகளில் யாரும் இறக்கவில்லை. ஆனாலும் சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், வீட்டுப் பெரியவர்கள் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் எடுக்கும் குளோனாசிபாம், அல்பிரசோலம் மாத்திரையில் பாதியைக் கொடுத்துத் தூங்க வைக்க வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதிலாக வெறியைக் கிளப்பும்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தங்கள் வருவார்களே, அதற்குள் ஒன்று செய்யுங்கள்: கல், கல்நெஞ்சு என்ற பேச்சு அவள் காதுபட வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.