இரட்டைக் கண்ணாடி சன்னலுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் யீஷூனில் ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு வாங்கியுள்ளோம். எல்லாச் சன்னல்களையும் மாற்றக் குத்தகையாளர் சாதாரண உறுதியூட்டிய கண்ணாடிக்கு 8,000 வெள்ளியும், நடுவே காற்றிடைவெளி கொண்ட இரட்டைக் கண்ணாடிக்கு 17,000 வெள்ளியும் கேட்கிறார். கூடுதல் தொகை மின்கட்டணத்தில் திரும்பிவிடும் என்கிறார். மூன்று படுக்கையறைகளில் மட்டும் இரவில் குளிர்சாதனம் ஓடும். அவற்றுள் ஒன்று மேற்கு பார்த்தது. இன்னொன்று எம்ஆர்டி ரயில் பாதையை ஒட்டியது. அந்த 9,000 வெள்ளியைப் புதுப்பிப்புக் கடனாக எடுக்கலாமா?

பதில்: மின்கட்டணச் சேமிப்பை நம்பி எடுக்க வேண்டாம். காற்றிடைவெளி தடுப்பது, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் கண்ணாடி வழியே கடந்துவரும் வெப்பத்தை. வெளியே உறைபனியும் உள்ளே 20 டிகிரியுமாக இருக்கும் குளிர்நாடுகளில் அதற்குப் பெரும் பயன் உண்டு. நம் இரவில் வெளியே 27 அல்லது 28 டிகிரி, அறையில் 25 டிகிரி. வேறுபாடே மூன்று டிகிரிதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதைக் குறிக்கும் யு-மதிப்பு ஒற்றைக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 5.7, சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு 2.8. மூன்று அறைகளிலும் சேர்த்து 9 சதுர மீட்டர் கண்ணாடி என்று கொண்டால், தடுக்கப்படும் வெப்பம் சுமார் 80 வாட். குளிர்சாதனம் தான் செலவிடும் மின்சாரத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வெப்பத்தை வெளியேற்றும் என்பதால், அதற்கு 20 வாட் மின்சாரம் போதும். இரவுக்கு எட்டு மணிநேரம், யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தாலும் ஆண்டுக்கு 20 வெள்ளியை எட்டாது. 9,000 வெள்ளியை 4 விழுக்காட்டு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக எடுத்தால் வட்டி மட்டுமே சுமார் 945 வெள்ளி. மத்திய சேமநிதியையும் புதுப்பிப்புக்குப் பயன்படுத்த முடியாது என்பதால், தவணை முழுவதும் உங்கள் கைக்காசிலிருந்தே போகும். குளிர்சாதனம் இல்லாத வரவேற்பறையிலோ, சன்னல் திறந்தே கிடக்கும் சமையலறையிலோ சேமிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

மேற்கு அறையின் கதை வேறு. அங்கே பிற்பகல் வெயில் கண்ணாடியை ஊடுருவி நேரே உள்ளே வந்து, தரையையும் சுவரையும் சூடேற்றி, இரவுவரை அந்தச் சூட்டைத் தேக்கிவைக்கிறது. இதற்குப் பார்க்க வேண்டிய எண், கண்ணாடிமேல் விழும் வெயில் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதைக் காட்டும் சூரிய வெப்ப ஏற்புக் குணகம். தெளிந்த ஒற்றைக் கண்ணாடிக்கு அது 0.8-க்குச் சற்று மேல், தெளிந்த இரட்டைக் கண்ணாடிக்கும் 0.7-க்குக் குறையாது. பூச்சில்லாத இரண்டாவது கண்ணாடி வெயிலைப் பெரிதாக மறிப்பதில்லை என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. 0.4 அல்லது அதற்கும் குறைவான எண் கொண்ட வெயில்தடுப்புப் பூச்சுக் கண்ணாடியை அந்த ஓர் அறைக்கு மட்டும் கேளுங்கள், அல்லது ஒற்றைக் கண்ணாடியில் படலம் ஒட்டுங்கள். கடைகளில் அகச்சிவப்பு விளக்கை எரியவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்வார்கள். சூரிய ஆற்றலில் அகச்சிவப்பு ஏறக்குறைய பாதிதான், மீதியைக் கண்ணாடி மறிக்கிறதா என்பதை அந்த விளக்கு காட்டாது என்பதால், அந்தச் சோதனையை வைத்து விலை பேச வேண்டாம். குணகத்தை எழுத்தில் வாங்குங்கள்.

ரயில் பாதையை ஒட்டிய அறைக்கு இரட்டைக் கண்ணாடி போடலாம், ஆனால் அது தூக்கத்துக்காகச் செய்யும் செலவு. ஒரு பக்கமாவது ஒட்டடுக்குக் கண்ணாடியாக (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரு தகடுகள்) இருப்பதும், சட்டத்தின் ரப்பர் விளிம்பு இடைவெளியின்றி மூடுவதும் இடைவெளிக்குள் என்ன வாயு நிரப்பியிருக்கிறார்கள் என்பதைவிட முக்கியம். சன்னலைத் திறந்தால் சத்தம் வழக்கம்போல் உள்ளே வரும்.

எடையையும் மறக்க வேண்டாம். 5 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ, இரட்டையானால் 25 கிலோ. வெளிப்புறம் திறக்கும் சன்னலில் அந்தப் பாரம் முழுவதையும் கீல்களும் ரிவெட்டுகளும்தான் தாங்குகின்றன. ரிவெட்டுகள் துருப்பிடிக்காத எஃகாகவும், வேலை செய்பவர் கட்டட, கட்டுமான ஆணையம் அங்கீகரித்த சன்னல் குத்தகையாளராகவும் இருப்பது கட்டாயம்.

ஆகவே விலைப்பட்டியலை அறைவாரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்: ரயில் பக்க அறைக்கு இரட்டைக் கண்ணாடி, மேற்கு அறைக்கு வெயில்தடுப்பு ஒற்றைக் கண்ணாடி, மற்றவற்றுக்குச் சாதாரணக் கண்ணாடி. கடன் தேவைப்படாமலும் போகலாம். பழைய குளிர்சாதனத்தை மாற்றும் எண்ணமிருந்தால் அரசாங்கம் வழங்கும் பருவநிலைப் பற்றுச்சீட்டுகளை, மின்சிக்கன வில்லையில் ஐந்து ‘டிக்’ கொண்ட புதியதற்குப் பயன்படுத்துங்கள்; மின்கட்டணம் குறைவது அங்கேதான். இரட்டைக் கண்ணாடியின் விளிம்பு முத்திரை விட்டுப்போனால் உள்ளே ஈரம் படிந்து மங்கும், துடைக்கவும் முடியாது. ஆகையால் முன்பணம் கட்டுமுன், அதற்கான உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதையும், மாற்றுக் கண்ணாடியோடு பொருத்துகூலியும் அதில் அடங்குமா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.