ஒரு நாளில் நெல்லை டவுன் ரத வீதி: பத்தமடைப் பாய்க்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்

"மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பாத்திரம், பத்தமடைப் பாய், அல்வா எல்லாவற்றையும் நெல்லை டவுனில் ஒரே நாளில் வாங்கிவிட முடியுமா?" என்று சென்னையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முடியும் அம்மா, பாயைத் தவிர. மணமக்கள் பெயரும் தேதியும் போட்ட பட்டுப் பாய் (பட்டு மாதிரி மென்மையான கோரைப் பாய்) கடையில் தொங்குகிற சரக்கு இல்லை. சேரன்மகாதேவி போகிற வழியில், டவுனிலிருந்து சுமார் 20 கி.மீ.யில் இருக்கிறது பத்தமடை. அங்கே முன்கூட்டியே சொல்லி நெய்ய வைக்க வேண்டும். கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, மெல்லிசாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோர்த்து நெய்வார்கள். நயமான பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும். கைக்கு வந்ததும் துணி மாதிரி மடித்துப் பாருங்கள். அசல் பட்டுப் பாய் முறியாமல் மடிந்து பைக்குள் போய்விடும். விலையில் மட்டும் ரொம்ப அடித்துப் பேசாதீர்கள். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து நெய்கிற பெண்களின் கூலி அது.

இனி டவுன். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றித் தேர் ஓடுகிற நான்கு ரத வீதிகள்தான் எங்கள் கடைத்தெரு. ஆர்.எம்.கே.வி. ஜவுளிக்கடை 1924இல் தொடங்கியதும் இந்த ஊரில்தான். காரில் வந்தால் நிறுத்த இடம் தேடியே அலுத்துப்போவீர்கள். திருநெல்வேலி ஜங்ஷனில் டவுன் பஸ் ஏறிவிடுங்கள். ஆனித் தேரோட்டத்தன்று கடைக்கென்று வர வேண்டாம், வடம் பிடிக்க வாருங்கள்.

காலையில் பாத்திரக் கடை. பித்தளையை எடை போட்டுத்தான் விலை சொல்வார்கள். தராசு முள்ளைப் பார்த்துவிட்டு ரசீது கேளுங்கள். பெயர் வெட்டச் சொல்லும்போது வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள். என் தங்கை கல்யாண அண்டாவில் வெட்டிய தப்பான எழுத்து இன்றும் அப்படியே இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் மனசு சுருக்கென்கிறது.

உச்சிக்கு மேல் கோயில் நடை சாத்தியிருக்கும். சாப்பிட்டுவிட்டுத் துணிக்கடைகளைப் பார்த்து முடியுங்கள்.

அல்வா கடைசியில். கீழரத வீதி இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். 5 மணிக்கு முன்னாலேயே வரிசைக்குப் போய்விடுங்கள். பாத்திர மூட்டையை வாங்கிய கடையிலேயே வைத்துவிட்டுப் போங்கள், திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம். முதலில் இலைத் துண்டில் கொஞ்சம் சூடாக வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள். நெய் விரலில் வழியும், மெல்லும் முன்னே தொண்டையில் இறங்கிவிடும். அப்புறம் கிலோ கணக்கைச் சொல்லலாம். வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், நெய் உறைந்து இறுகிவிடும்.