வாடுகிறது என்று தண்ணீர் ஊற்றும் முன் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: வீட்டுக்குள் ஆறு தொட்டிச் செடிகள் வைத்திருக்கிறேன். மணி பிளான்ட், பீஸ் லில்லி, ரப்பர் செடி ஆகியவை. சில ஜன்னல் ஓரம், சில எல்இடி விளக்கின் கீழ். ஒரு மாதமாக அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. பீஸ் லில்லி காலையிலேயே தலை தொங்கிவிடுகிறது. வாடுகிறதே என்று தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். செடி வாங்கிய இடத்தில் கேட்டால் முதலில் சத்துக் குறைவு என்று டானிக் கொடுத்தார்கள். பிறகு பூஞ்சாணக்கொல்லி கொடுத்தார்கள். கடைசியாகப் பெரிய தொட்டிக்கு மாற்றச் சொன்னார்கள். எல்லாம் செய்தும் நிலைமை மோசமாகிக்கொண்டே போகிறது. எந்தச் சத்து குறைகிறது என்று சொல்ல முடியுமா?

பதில்: உங்கள் செடிகளுக்குச் சத்து எதுவும் குறையவில்லை என்றே நினைக்கிறேன். குறைவது வேருக்குக் காற்று. நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், ஆனாலும் செடி வாடுகிறது. தாகத்தில் வாடிய செடி தண்ணீர் கிடைத்த சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். பீஸ் லில்லி இந்த விஷயத்தில் பொய்யே சொல்லாது. காலையில் துவண்டு கிடப்பது தண்ணீர் கண்டால் மாலைக்குள் எழுந்து நிற்கும். அப்படி எழவில்லை என்றால் தண்ணீரை உறிஞ்ச வேண்டிய வேர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

வேரும் மூச்சு விடுகிறது. மண்கலவையில் உள்ள சின்னச் சின்ன இடைவெளிகளில் காற்று இருக்க வேண்டும். அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் நின்றால் வேர் திணறும். வேர் நுனிகள் சாகும், அழுகல் தொடங்கும். உறிஞ்ச வேர் இல்லாததால் தண்ணீருக்கு நடுவிலேயே செடி வாடும். பார்ப்பவருக்கு அது தாகம் போலவே தெரியும், இன்னும் ஊற்றுவார். நான் பார்த்த வீட்டுச் செடிகளில் பெரும்பாலானவை செத்தது இந்தச் சுழலில்தான். மறதியால் செத்தவை குறைவு, அக்கறையால் செத்தவைதான் அதிகம்.

இதை உறுதி செய்ய எந்தக் கருவியும் வேண்டாம். இரண்டு முள் குத்திப் பார்க்கும் மலிவான ஈரமானியை வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்துத்தான் ஈரம் சொல்கின்றன. உப்பு சேர்ந்த மண்ணில் பாதி காய்ந்திருந்தாலும் 'ஈரம்' என்று காட்டும். உங்கள் கை போதும். தொட்டியை இரண்டு கையாலும் தூக்குங்கள். நன்றாக நனைந்தபோது எவ்வளவு கனம், காய்ந்தபோது எவ்வளவு கனம் என்பது ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். அப்புறம் விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். மேல்மண் காய்ந்து, ஐந்து சென்டிமீட்டர் கீழே குளிர்ந்து பிசுபிசுவென்று இருந்தால் தண்ணீர் தேவையில்லை. மண்ணைக் கிளறும்போது சின்னக் கறுப்பு ஈக்கள் கிளம்பினால் அதுவும் ஒரு சாட்சி. எப்போதும் ஈரமாக இருக்கும் கலவையில்தான் அவை பெருகும்.

இப்போது பயப்படாமல் ஒரு காரியம் செய்ய வேண்டும். அதிகம் வாடிய செடியை எடுத்து, தண்டின் அடியை விரல்களுக்கு நடுவே பிடித்துத் தொட்டியைக் கவிழ்த்து, பக்கங்களைத் தட்டுங்கள். மண் கட்டியோடு கையில் வரும். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ உறுதியாக இருக்கும், மண் வாசனை அடிக்கும். அழுகிய வேர் பழுப்பு, சில சமயம் கறுப்பு. முகர்ந்தால் சாக்கடை நாற்றம். சந்தேகம் இருந்தால் ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். மேல்தோல் உறை போலக் கழன்று கையோடு வந்து, உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சினால் வேரழுகல்தான்.

சுத்தமான கத்தரியால் அழுகியதை எல்லாம் வெட்டிவிடுங்கள். பழைய மண்ணை உதிர்த்துவிட்டு, பெர்லைட்டோ (லேசான வெள்ளை எரிமலைக் கல் துகள்) சொரசொரப்பான மணலோ தாராளமாகக் கலந்த புதுக் கலவையில் நடுங்கள். மிச்சமிருக்கும் வேருக்கு ஏற்ற அளவுத் தொட்டி போதும், பழையதைவிடச் சிறியதாக இருந்தாலும் சரி. ஒரு முறை நீர் விட்டு முழுக்க வடிய விடுங்கள். உரம் கூடாது. நேர் வெயிலும் கூடாது. வேர் முழுவதும் போய்விட்டால் அந்த வேரைக் காப்பாற்ற முயல வேண்டாம். மணி பிளான்ட்டில் கணுவோடு கொடியை வெட்டித் தண்ணீரில் வைத்தால் புது வேர் விடும்.

இப்போது உங்களுக்குக் கொடுத்த மூன்று 'மருந்து'களைப் பார்ப்போம். எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இதுதான்.

முதலாவது டானிக். அந்தப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எத்தனை சதவீதம் என்று மூன்று எண்கள் இருக்கிறதா? உர மூட்டையில் அது இருக்கும். டானிக்கில் 'இயற்கைச் சாறு', 'வளர்ச்சி ஊக்கி', 'அதிசய பலன்' என்று மட்டும் இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது. அப்படியே சத்து இருந்தாலும் அழுகிய வேர் அதை எடுக்காது. மண்ணில் உப்பாகத் தங்கி, மிச்ச வேரையும் சுடும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு இருந்து இலை நுனியும் கருகியிருந்தால் அது ஏற்கெனவே நடக்கிறது.

இரண்டாவது, பூஞ்சாணக்கொல்லி. வேரழுகலை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமானவை பித்தியம், பைட்டாப்தோரா. இவை பூஞ்சை போலத் தெரிந்தாலும் பூஞ்சை அல்ல, வேறு இனம். கடையில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் கார்பன்டாசிம் மாதிரி மருந்து இவற்றை ஒன்றும் செய்யாது. எந்தக் கிருமி என்று பார்க்காமலே மருந்து கை மாறுகிறது. அதுவும் நீங்கள் தூங்கும் அறைக்குள் தெளிப்பதற்கு! வயலுக்கான மருந்தைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, எச்சரிக்கைத் தாள்கூட இல்லாமல் விற்கிறவர்களை யாரும் கேட்பதில்லை. தண்ணீர் தேங்குவதை நிறுத்தாமல் எந்த மருந்து ஊற்றியும் பயனில்லை.

மூன்றாவது பெரிய தொட்டி. நல்லெண்ணத்தில் செய்கிற கெடுதல் இது. சின்ன வேருக்குப் பெரிய தொட்டி கொடுத்தால், வேர் எட்டாத மண்ணெல்லாம் நாள்கணக்கில் ஈரமாகவே நிற்கும். தொட்டியை மாற்றும்போது பழையதைவிட மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலமானது போதும், அதுவும் வேர் சுற்றிச் சுற்றி நெருக்கியிருந்தால் மட்டும்.

தொட்டி என்று வந்ததால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடியில் துளை இல்லாத அழகுத் தொட்டியை 'கீழே ஜல்லி போட்டால் சரியாகிவிடும்' என்று சொல்லி விற்கிறார்கள். சரியாகாது. ஒரு பாத்திரம் கழுவும் பஞ்சை முழுக்க நனைத்து, தட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சொட்டி நின்றுவிடும். சொட்டு நின்றபின் அதே பஞ்சைச் செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி சொட்டும். பஞ்சின் அடிப்பகுதியில் குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் தங்கும். மண்கலவையும் அப்படித்தான். கீழே ஜல்லி போட்டால் தண்ணீர் ஜல்லிக்குள் வழிந்துவிடாது. மேலே உள்ள கலவை தளும்பும் வரை அங்கேயே நிற்கும். அந்த ஈரமான பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும், அவ்வளவுதான் ஜல்லியின் பயன். துளை போட முடியாத தொட்டியை வெளி உறையாக வைத்துக்கொள்ளுங்கள். செடி துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் உள்ளே இருக்கட்டும், நீர் விட்ட அரை மணி நேரத்தில் உறையில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

சரி, இவ்வளவும் சொன்னபின் ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட முடியாது. இதில் நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் உண்மையிலேயே தாகத்தில் வாடும் செடி உண்டு. பீட் பாசியோ (சதுப்பு நிலத்தில் பாதி மக்கிய பாசி) தென்னைநார்க்கழிவோ அதிகம் உள்ள கலவை ஒரு முறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் சுருங்கிவிடும். பீட் பாசி இதில் ரொம்ப மோசம், காய்ந்தபின் தண்ணீரைத் தள்ளவே தொடங்கிவிடும். தொட்டிச் சுவருக்கும் மண் கட்டிக்கும் நடுவில் நகம் நுழையும் அளவு சந்து விழும். அதன்பின் ஊற்றும் தண்ணீர் அந்தச் சந்து வழியே நேராகக் கீழே ஓடி, துளையில் சொட்டும். மேற்பரப்பு ஈரம், தட்டில் தண்ணீர், நடுக்கட்டி மட்டும் எலும்பாகக் காய்ந்திருக்கும். பார்ப்பவர் 'போதும் போதும் என்று ஊற்றுகிறேனே' என்பார். ஒரு வீட்டில் இப்படிப்பட்ட செடிக்குத் தண்ணீரை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அது போய்விட்டது. தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், காகிதம் மாதிரி லேசாக இருந்திருக்கும். அன்றிலிருந்து தொட்டியைத் தூக்காமல் யாருக்கும் வாய் திறப்பதில்லை.

அப்படி இருந்தால் மேலிருந்து ஊற்றிப் பயனில்லை. ஒரு வாளியில் தொட்டியின் முக்கால் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, தொட்டியை அதில் இறக்குங்கள். கட்டி மிதக்கப் பார்த்தால் கையால் மெல்ல அமுக்கிப் பிடியுங்கள். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். அரை மணி நேரம், தேவையானால் இன்னும் கொஞ்சம். குமிழி நின்று, மேல்மண் தானாகக் கறுத்ததும் எடுத்து வடிய விடுங்கள். உங்கள் ஆறு தொட்டியில் ஒன்று மட்டும் இப்படி இருக்கலாம். ஆறுக்கும் ஒரே சிகிச்சை என்று நினைக்காதீர்கள், ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள்.

சத்துக் குறைவு என்பதே இல்லையா என்றால், உண்டு. அதை எந்த இலை முதலில் மஞ்சளாகிறது என்பதை வைத்துப் பார்க்க வேண்டும். தழைச்சத்து குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து அதை எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கும், அதனால் அடி இலை முழுதாக வெளுக்கும். மெக்னீசியம் குறைந்தாலும் அடி இலைதான், ஆனால் நரம்பு பச்சையாக இருந்து நரம்புகளுக்கு நடுவே உள்ள பகுதி மஞ்சளாகும். இரும்புச்சத்து அப்படி இடம் மாறாது, எனவே உச்சிக் கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். இது பெரும்பாலும் இரும்பு இல்லாததால் வருவதில்லை. சுண்ணாம்பு அதிகமுள்ள கடின நீரை ஊற்றி ஊற்றி மண்ணில் காரத்தன்மை ஏறிவிடுவதால் இருக்கும் இரும்பை வேரால் எடுக்க முடியாமல் போகிறது. மஞ்சள் என்றாலே எப்சம் உப்பு என்று ஒரு பழக்கம் கிளம்பியிருக்கிறது. அதில் மெக்னீசியமும் கந்தகமும் தவிர ஒன்றும் இல்லை. மெக்னீசியம் மிதமிஞ்சினால் சுண்ணாம்புச்சத்தை வேர் எடுப்பது குறையும். இன்னும் முக்கியமாக, சத்துக் குறைவால் மட்டும் செடி இப்படித் துவண்டு தொங்காது. மஞ்சளும் வாட்டமும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் வேர்.

மண்ணைச் சோதனைக்கு அனுப்பலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நானே ஒரு முறை தொட்டி மண்ணைப் பொட்டலம் கட்டி அனுப்பினேன். வந்த அறிக்கையில் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ யூரியா என்று போட்டிருந்தது. ஒரு தொட்டிக்கு! வயல் மண்ணுக்கு என்று செய்த அளவீடு, தென்னைநார்க்கழிவுக் கலவைக்குப் பொருந்தவே பொருந்தாது. வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று ஒரு வரி எழுதித் தர ஆளில்லை. செடியோடு வரும் அட்டையில் 'மிதமான நீர்' என்று இருக்கும். எந்த வெளிச்சத்தில் மிதம், எந்தத் தொட்டியில் மிதம்? அந்த வெற்றிடத்தில்தான் டானிக் விற்பவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜன்னலிலிருந்து தள்ளித் தள்ளிப் போக வெளிச்சம் வேகமாகக் குறையும், செடி குடிக்கும் தண்ணீரும் குறையும். எனவே ஜன்னல் ஓரத்துத் தொட்டிக்கும் அறை மூலையில் உள்ள தொட்டிக்கும் ஒரே நாளில் நீர் விடுவது தவறு. கிழமை வைத்து ஊற்றாதீர்கள். இலை அடியில் சிலந்திப்பேன் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வெள்ளைத் தாளைப் பிடித்து இலையைத் தட்டினால் விழும் புள்ளிகள் நகர்ந்தால் பேன், நகராவிட்டால் தூசி. பேன் என்றால் இலையின் இரு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, வாரம் ஒரு முறை திரும்பப் பாருங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: டானிக்கையும் மருந்தையும் ஓரம் வையுங்கள். ஆறு தொட்டியையும் தூக்குங்கள். கனமாக இருப்பவற்றுக்கு நீரை நிறுத்தி, வாடியதை முதலில் கவிழ்த்துப் பாருங்கள். முழு மஞ்சளான அடி இலை திரும்பப் பச்சையாகாது, அதைக் கிள்ளிவிடலாம், அதை வைத்து முன்னேற்றத்தை அளக்காதீர்கள். வேர் தேற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், அந்த நாட்களில் செடி அப்படியே நிற்பது போலத் தெரியும், கை துறுதுறுக்கும். ஒன்றும் செய்யாதீர்கள். பீஸ் லில்லியின் நடுவிலிருந்து புது இலைச் சுருள் ஒன்று கிளம்பி, முழுப் பச்சையாக விரிந்த பிறகு உரத்தைப் பற்றி யோசிக்கலாம். அதுவும் மூன்று எண்கள் அச்சிட்ட உரம், சொன்ன அளவில் பாதி.