கல்விக்கடன் இருக்கும்போது எம்.இ. படிக்கலாமா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் கிராமம். பி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வருடத்துக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் கல்விக்கடன். அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை கட்ட வேண்டாம் என்கிறார்கள். எம்.இ. படிக்க ஆசை. கடனை நினைத்துக் கிடைக்கிற வேலைக்குப் போய்விடவா?

பதில்: முடிவெடுக்குமுன் கணக்கைப் பாருங்கள். "கட்ட வேண்டாம்" என்பது தவணைக்குத்தான். கல்லூரிக்குப் பணம் போன நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. நகைக்கடன் வட்டியை விரல்நுனியில் வைத்திருக்கும் வீடுகளில்கூட, கல்விக்கடன் வட்டி எவ்வளவு என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. இது எனக்குப் பெரிய கவலை. தொகை தெரியாத கடன்தான் அதிகம் பயமுறுத்துகிறது; அந்தப் பயத்தில்தான் பலர் படிப்பை விடுகிறார்கள்.

வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்தில் தனிவட்டிதான். முதல் வருடம் 10,000 ரூபாய், பிறகு 20,000, 30,000, 40,000. படிப்பு முடிந்த மறுவருடத்துக்கு இன்னொரு 40,000. மொத்தம் 1,40,000. கட்டாமல் விட்டால் இது அசலோடு சேர்ந்து கடன் 5,40,000 ஆகும். பத்து வருடத் தவணையில் மாதம் சுமார் 7,140 ரூபாய். வட்டியை அப்போதைக்கப்போது கட்டியிருந்தால் சுமார் 5,290தான். படிக்கும்போதே வட்டி கட்டினால் பல வங்கிகள் 1 சதவீதம் குறைக்கவும் செய்கின்றன. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் என்றால் மத்திய அரசின் வட்டி மானியம் உங்கள் கணக்குக்கு உண்டா என்று கிளையில் கேளுங்கள்.

இனி எம்.இ. விஷயம். கடனுக்குப் பயந்து முதலில் வந்த வேலையில் சேரச் சொல்லமாட்டேன். இன்னொரு கடன் வாங்கி எம்.இ. சேரவும் சொல்லமாட்டேன். எம்.இ. சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். தகுதி பெற்று, ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரமுள்ள கல்லூரியில் முழுநேரம் படித்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அதில் பழைய கடனின் வட்டியைக் கட்டிவரலாம். இடையில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனாலும் அந்த மதிப்பெண் கைகொடுக்கும்.

மேற்படிப்பில் சேர்ந்தால் தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லி, சேர்க்கைக் கடிதத்தோடு வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். தவணை தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். சொல்லாமல் தவணை தவறினால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண் மட்டுமல்ல, அப்பாவுடையதும் இறங்கும். நாளை அவர் கேட்கும் கடனுக்கும் அது குறுக்கே நிற்கும். முதலில் இந்த வாரமே அப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போய்க் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை வாங்குங்கள்.